இரண்டு சீட்டில் ஒரு பயணம்: நடுவில் உள்ள விமான நிலையத்தில் நாம் யார்?

கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு விமானச் சீட்டு. சென்னையிலிருந்து பாரிஸுக்கு வேறொரு கம்பனியின் சீட்டு. இரண்டையும் தனித்தனியாக இணையத்தில் வாங்கினால் பல நேரங்களில் மலிவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனை அழைக்கும்போது இப்படிப் பதிவு செய்வதை இப்போது அடிக்கடி காண்கிறேன். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்தில் யாராவது வெளிநாடு போவதென்றால் பயணப் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆங்கிலத்தில் உள்ளதை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்த பத்திரங்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவற்றில் ஒன்று ஓர் அம்மாவுடையது. 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய குடும்பம். இறுதி யுத்தத்தில் கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர். மகள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா மறுபடியும் டிக்கோயாவில் தம்பியின் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். மகளைப் பார்க்க பிரான்ஸ் விசா கிடைத்தது. மருமகன் இரண்டு சீட்டாகப் போட்டிருந்தார். கட்டுநாயக்கவில் முதல் விமானத்தின் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரான்ஸ் விசா இருந்தது; இந்திய விசா இல்லை. சென்னையில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லையே, பிறகு எதற்கு இந்திய விசா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் சீட்டு இரண்டாகப் பிரிந்த இடத்திலேயே அதற்கான பதில் மாறிவிட்டது.

ஒரே சீட்டில் போகிறவர் சென்னையில் இறங்கினாலும், கணக்கில் அவர் பாரிஸ் பயணி. பெரிய பொதி கட்டுநாயக்கவில் ஏற்றியபடி பாரிஸுக்குப் போய்விடும். அவர் குடிவரவுப் பக்கம் போகாமல், மாறிச் செல்வோருக்கான வழியால் போய், ஒரு பாதுகாப்புச் சோதனையை முடித்து அடுத்த விமானத்தில் ஏறுவார். 24 மணித்தியாலத்துக்குள் இப்படி உள்ளேயே மாறிச் செல்பவருக்கு இந்திய விசா தேவையில்லை. இரண்டு சீட்டில் போகிறவரின் முதல் பயணமோ சென்னையோடு முடிந்துவிடுகிறது. பொதி சென்னைப் பட்டியில் வந்து விழும். அதை எடுக்கக் குடிவரவைத் தாண்ட வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும், வெளியே வந்து மறுபடி புறப்படும் வாசலால் உள்ளே போக வேண்டும். சட்டப்படி அவர் இந்தியாவுக்குள் நுழைகிறார். அதற்கு விசா வேண்டும்.

கவுண்டரில் இருந்த பிள்ளை ஏன் விடவில்லை என்றால், விசா இல்லாத ஆளை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் பெரும்பாலும் அபராதமும் விமானக் கம்பனியின் தலையில் விழும். அதனால்தான் அவர்கள் கணினியில் நாட்டுக்கு நாடு விதியைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதல் கம்பனிக்கு நம் இரண்டாவது சீட்டு ஒரு கடதாசி மாத்திரம். அதை நம்ப வேண்டிய கடமை அதற்கு இல்லை.

சீட்டு ஒன்றா இரண்டா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பதிவுக் குறியீடு என்று ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்து ஒன்று இருக்கும். முழுப் பயணத்துக்கும் ஒரே குறியீடும் ஒரே சீட்டு இலக்கத் தொடரும் என்றால் ஒரே சீட்டு. சில இணையத்தளங்கள் ஒரே தடவையில் பணத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இரண்டு குறியீடுகளில் இரண்டு கம்பனிகளின் சீட்டைத் தரும். 'நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி எங்கோ இருக்கும். பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஒன்று என்பதால் பயணமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இனி பாதுகாப்புச் சோதனை. கட்டுநாயக்கவில் வாசலில் ஒரு முறை, விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒரு முறை என்று பொதியைக் கருவிக்குள் அனுப்பி எடுத்தாயிற்று. பிறகு சென்னையில் ஏன் மறுபடி? வன்னிக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு, ஓமந்தையில் இராணுவத்திடம் அவிழ்த்துக் காட்டிய பொதியைப் புளியங்குளத்தில் இயக்கத்திடம் மறுபடி அவிழ்த்துக் காட்டினோம். ஒருவர் செய்த சோதனையை மற்றவர் ஏற்கவில்லை. நாடுகளும் அப்படித்தான். ஒரு நாட்டின் சோதனையை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதாக உடன்பாடு இருந்தால் மட்டும், இறங்கியவர் சோதனையின்றி அடுத்த விமானத்துக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே அப்படி ஏற்பாடு உண்டு. நம் பயணப் பாதைகளில் பெரும்பாலும் இல்லை. ஆகவே சோதனை ஒரே சீட்டிலும் வரும். இரண்டு சீட்டில் அது முதலிலிருந்து, எல்லாப் பொதியோடும் வரும்.

நம்மவர்கள் அதிகம் இழப்பது திரவ விதியில்தான். கைப்பொதியில் கொண்டுபோகும் எந்தத் திரவமும் 100 மில்லிலீட்டருக்கு மேற்படாத போத்தலில் இருக்க வேண்டும். எல்லாப் போத்தல்களும் ஒரு லீட்டர் கொள்ளும் ஒரே பளிங்குப் பையில் அடங்க வேண்டும். பெரிய போத்தலில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள். போத்தலின் அளவுதான் கணக்கு. 2006 ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டனில் பிடித்ததிலிருந்து வந்த விதி இது. அதே வாரம்தான் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 மறுபடி மூடப்பட்டது. அதனால் எங்களில் பலருக்கு அந்த விதி வந்ததே அப்போது தெரியாது.

அம்மாமார் திரவம் என்றால் தண்ணீர் என்று நினைக்கிறார்கள். கித்துள் பாணி, தேன், நெய், தயிர், ஊறுகாய், எண்ணெய் ஊறிய சம்பல், தலைக்கு வைக்கும் எண்ணெய், கால்வலித் தைலம் எல்லாம் சோதனையில் திரவம்தான். மகளுக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய சாமான், குப்பைத் தொட்டிக்குள் போவதை நின்று பார்க்க வேண்டிவரும். இவற்றைப் பெரிய பொதியில் போடுங்கள். பொதி எடுக்கும் சிரமம் வேண்டாமென்று கைப்பொதியோடு மட்டும் போவதற்கு இரண்டு சீட்டுப் போடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

தேயிலைக்கும் ஒரு சொல். இங்கிருந்து போகும் எல்லாப் பொதியிலும் தேயிலை இருக்கும். இலைத் தேயிலையால் தொல்லை குறைவு. தூள் போன்ற பொருள் 350 மில்லிலீட்டர் அளவுக்கு மேல் கைப்பொதியில் இருந்தால், அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல் தனியாகச் சோதிக்கிறார்கள். தெளிவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள். டஸ்ட் தேயிலையும் மிளகாய்த்தூளும் பெரிய பொதிக்குள் போகட்டும். மறுபக்கம், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கைப்பொதியில் மட்டுமே போகலாம். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம், அது தானாகத் தீப்பிடிக்கும் பொருள் என்று பட்டியலில் உள்ளது.

தீர்வையற்ற கடையில் வாங்கும் போத்தலை முத்திரையிட்ட பையில், பற்றுச்சீட்டை உள்ளே வைத்துத் தருவார்கள். கடைசி ஊர் வரும்வரை அதைத் திறக்கக் கூடாது. இரண்டு சீட்டில் வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறவர், இரண்டாவது கவுண்டரில் பொதி கொடுக்கும்போது அதையும் பொதிக்குள் வைத்துவிடலாம். இரண்டு சீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வசதி அது. சில ஐரோப்பிய விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர்கள் வந்து 100 மில்லிலீட்டர் விதி தளர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வழியில் எந்த நிலையம் மிகக் கடுமையானதோ அதன் விதிதான் முழுப் பயணத்துக்கும் விதி.

சென்னையில் இன்னொன்று. இந்திய விமான நிலையங்களில் கட்டட வாசலிலேயே சி.ஐ.எஸ்.எஃப். படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெளியே வந்தவரின் இரண்டாவது சீட்டு போனுக்குள் இருந்து, நம் சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான். கடதாசியில் அச்சடித்துக் கொடுங்கள். பெயரையும் பாருங்கள். தோட்டப் பகுதியில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னொன்று என்பது ஊரறிந்த கதை. சீட்டு இரண்டானால் பிழை விட இடமும் இரண்டாகிறது.

இதுவரை சொன்னது அலைச்சல். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. செங்கன் நாடுகளின் விசாச் சட்டக்கோவை 2009 ஜூலை 13 அன்று ஏற்கப்பட்டது, முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதத்துக்குள். அதன் இணைப்பில், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விசா எடுக்க வேண்டிய 12 நாடுகளின் பட்டியல் உண்டு. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியாவோடு இலங்கையும் அதில் இருக்கிறது. போர்க்காலத்தில் நடுவழி விமான நிலையங்களில் இறங்கி அடைக்கலம் கேட்டவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வழியை அடைக்கத்தான் இப்படியான விசாக்கள். பிரித்தானியாவும் இலங்கையரிடம் இப்படியொரு இடைமாறல் விசா கேட்கிறது.

செங்கன் விசா, அல்லது கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா கையில் இருந்தால் செங்கன் விதியில் விலக்கு உண்டு. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரித்தானிய விசா அந்தப் பொது விலக்கில் அடங்காது. லண்டனுக்கு விசா எடுத்த தாயை பிராங்பேர்ட் வழியாக மலிவாகக் கூப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. அதுவும் ஒரே சீட்டு என்றால். இரண்டு சீட்டில் பொதி எடுக்க வெளியே வர வேண்டுமானால் இடைமாறல் விசாவும் போதாது, முழு செங்கன் விசா வேண்டும். மலேசியாவிலும் இதே சிக்கல்: கோலாலம்பூரில் மலிவு விமானங்கள் இரண்டாம் முனையத்தில் இறங்கும், மற்றவை முதலாம் முனையத்திலிருந்து புறப்படும், தனிச் சீட்டில் மாறுகிறவர் குடிவரவைத் தாண்டித்தான் போக வேண்டும். சிங்கப்பூருக்கு மட்டும் இலங்கையருக்கு முன்கூட்டிய விசா கேட்பதில்லை. அதனால் அந்த வழி சற்று ஆறுதல்.

இலங்கைக்கு வர முடியாத பிள்ளைகள் திருச்சியிலோ சென்னையிலோ வந்து பெற்றோரைச் சந்திப்பதும் நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் வருகிறவர்களுக்கு இந்தியாவின் ஈ-விசா கிடையாது. தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாள் எடுக்கும். பெற்றோரின் சீட்டைப் போடுவதற்கு முன் பிள்ளையின் விசா வந்துவிட்டதா என்று பாருங்கள்.

நம் பாட்டன்மார் வந்த வழியை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1914 முதல் போட் மெயிலில் சென்னையில் எடுத்த ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். தோட்டத்துக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்து இலங்கை அரசின் ஆட்களே அந்தக் கரையில் சோதித்து அனுப்பினார்கள். அந்த முகாமில் பட்ட அவமானம் வேறு கதை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதே வருட ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எங்கள் சொந்தங்கள் தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகவும் இன்று விசா எடுக்கிறோம்.

இரண்டு சீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டன் கடவுச்சீட்டும் இந்திய விசாவும் உள்ள பிள்ளை சென்னையில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பலாலிக்கு வருவதில் பிழையில்லை. பெரிய விமானத்தில் அனுமதித்த பொதி எடையைப் பலாலிக்கு வரும் சிறிய விமானம் ஏற்காது என்பதை மட்டும் முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு, முதல் தடவை, தனியாகப் போகும் வயதான ஒருவருக்கு நான் இரண்டு சீட்டைச் சம்மதிக்க மாட்டேன். மிச்சமாகும் பணம், ஒரு விமானம் தவறினால் அங்கேயே போய்விடும். ஒரே சீட்டில் முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பனியின் பொறுப்பு. இரண்டு சீட்டில் இரண்டாவது கம்பனிக்கு நாம் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் செய்யக்கூடியது: நடுவிலுள்ள நாட்டின் விசாவை முதலில் எடுங்கள். இரண்டு விமானங்களுக்கும் இடையில் ஓர் இரவாவது விடுங்கள். கட்டுநாயக்க கவுண்டரில் இரண்டு சீட்டையும் காட்டி, பொதியைக் கடைசி ஊர் வரை போட முடியுமா என்று கேளுங்கள். சில கம்பனிகளுக்கிடையே அந்த ஏற்பாடு உண்டு, மலிவு விமானங்களில் பெரும்பாலும் இல்லை. பொதியில் ஒட்டும் துண்டில் பெரிதாக மூன்று எழுத்து இருக்கும். எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, சி.டி.ஜி. என்றால் பாரிஸ். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அந்த மூன்று எழுத்தை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹட்டனிலிருந்து போகிறவர்கள் முதல் நாளே நீர்கொழும்பு பக்கம் போய்த் தங்குவது நல்லது. கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில் மழைக்கு ஒரு மண்மேடு சரிந்தால், எந்த விமானமும் நமக்காக நிற்காது.