‘எதிர்மறை’ என்னும் சொல்: இலக்கணத்திலும் கணிதத்திலும் வழக்கிலும்

கெடா மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள், முதலாம் படிவக் கணிதத்தின் தொடக்கத்திலேயே சுழியத்திற்குக் கீழ்ப்பட்ட எண்களை முறையாகப் பயில்கின்றனர். அவ்வெண்களின் பெயரை அவர்கள் மலாய்மொழியில் ‘நெகத்திஃப்’ என்றோ ஆங்கிலத்தில் ‘நெகட்டிவ்’ என்றோ அறிகின்றனர். அதே சொல் மருத்துவச் சோதனை முடிவிலும் வருகிறது. ஒருவருடைய மனப்போக்கைப் பற்றிய பேச்சிலும் வருகிறது. இதற்குத் தமிழில் என்ன பொருள் என்று கேட்டால், மூன்றிடத்திற்கும் ‘எதிர்மறை’ என்னும் ஒரே விடையைத் தருகிறோம். இவ்விடை மாணவருக்குத் துணை செய்கிறதா, இடர் செய்கிறதா என்பதை இங்கு ஆராய்வோம்.

எதிர்மறை என்பது இலக்கணத்தில் பிறந்த சொல். இதில் வரும் ‘மறை’ மறுத்தலைக் குறிக்கும். இதன் இணைச்சொல் ‘உடன்பாடு’. ‘வந்தான்’ என்பது உடன்பாடு. ‘வந்திலன்’, ‘வாரான்’ என்பன எதிர்மறை. ஒரு கூற்றை ஏற்கிறோமா மறுக்கிறோமா என்பதே இங்குச் செய்தி. நன்மை தீமைக்கு இதில் இடமில்லை. ‘அவன் பொய் சொல்லான்’ என்பது எதிர்மறைத் தொடர். ஆயினும் அது ஒருவனுக்குச் சூட்டப்படும் புகழ்மாலை.

மறுத்தலிலும் தமிழ் இரு வகை காண்கிறது. இரப்பர்த் தோட்டத்தில் ‘மங்கில் பால் இல்லை’ என்றால் பாலின் இருப்பை மறுக்கிறோம். ‘மங்கில் இருப்பது பால் அன்று, மழைநீர்’ என்றால் அப்பொருள் இன்னது என்பதை மறுக்கிறோம். மலாய்மொழியும் இவ்வாறே முன்னதற்குத் ‘தியாடா’ என்றும் பின்னதற்குப் ‘புக்கான்’ என்றும் வேறு சொற்களை வைத்திருக்கிறது. ஆகவே, பீடோங்கிலோ பாடாங் செராயிலோ வளரும் தமிழ்க் குழந்தை இவ்வேறுபாட்டை இரு மொழிகளில் இயல்பாகவே அறிந்திருக்கிறது.

மருத்துவச் சோதனையின் ‘நெகட்டிவ்’ இவற்றுள் முதல் வகையைச் சேர்ந்தது. தேடிய கிருமி காணப்படவில்லை என்பதே அதன் பொருள். குருதி வகையில் ‘ஓ நெகட்டிவ்’ என்பதும் அவ்வாறே, ஆர்.எச். காரணி அக்குருதியில் இல்லை என்பதை அது தெரிவிக்கிறது. அதனால் குருதிக்கு ஒரு குறையும் நேர்வதில்லை.

கணிதத்தின் நிலை வேறு. பால் இல்லாத மங்கு சுழியத்தைக் காட்டும். வெறுமையான மங்கை மேலும் வெறுமையாக்க இயலாது. அவ்வாறாயின் சுழியத்திற்குக் கீழே எண் எங்ஙனம் இருக்க முடியும்? விடையை நம் முன்னோர் மளிகைக் கடையில் கண்டிருந்தனர். மலேசியக் கடைகளில் ‘555’ என அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் பற்று எழுதும் வழக்கத்தை மூத்தோர் அறிவர். சம்பளம் 90 வெள்ளி, கடைப் பற்று 110 வெள்ளி என்று கொள்வோம். சம்பளம் முழுவதையும் கொடுத்த பின்னும் 20 வெள்ளி துண்டு விழும். அந்த 20 வெறும் ‘இல்லை’ அன்று; அடுத்த மாதம் கட்டாயம் கொடுக்க வேண்டிய மெய்யான தொகை. அது சுழியத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது; அவ்வளவே வேறுபாடு.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இக்கருத்தையே விதிகளாக வகுத்தார். மிகை எண்ணை அவர் ‘தனம்’ என்றார். குறை எண்ணை ‘ருணம்’, அதாவது கடன் என்றார். ஐரோப்பியச் சொல்லோ ‘மறுத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 1544இல்கூட ஜெர்மானியக் கணிதர் மிக்கேல் ஸ்டீஃபெல் இவற்றைப் பொருந்தா எண்கள் என்றே குறித்தார். கடனாகப் பார்த்தவர்க்கு எளிதாகத் தோன்றியது, மறுப்பாகப் பார்த்தவர்க்குப் புதிராகத் தோன்றியதில் வியப்பில்லை.

இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மிகை’, ‘குறை’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘நேர்’, ‘மறை’ என்கின்றன. ‘குறை’ என்பது குற்றம் என்னும் பொருளையும், ‘மறை’ என்பது மறுப்பு என்னும் பொருளையும் உடன் கொண்டுவரும். எச்சொல்லைக் கையாண்டாலும் பக்கம் என்னும் கருத்தை ஆசிரியர் முதலில் ஊன்ற வேண்டும். கடல்மட்டத்தைச் சுழியமாகக் கொண்டால் ஜெராய் மலையின் உச்சி ஏறத்தாழ +1,217 மீட்டர்; மலையடிவாரத்துக் கடலின் தரை கழித்தற்குறி பெறும். கடலின் தரை அதனால் இல்லாமற் போவதில்லை, தீயதாகவும் ஆவதில்லை.

பக்கத்தை உணர்ந்த மாணவருக்குப் பிற ஐயங்களும் தெளியும். −5 ஏன் −3ஐவிடச் சிறியது? ஐந்து வெள்ளி கடன்பட்டவர் மூன்று வெள்ளி கடன்பட்டவரைவிடப் பின்தங்கியிருக்கிறார். −x எப்போதும் குறை எண்ணா? அன்று, x என்பது −4 ஆயின் −x என்பது 4. அக்குறி ‘மறுபக்கம் திரும்பு’ என்று மட்டுமே பணிக்கிறது. (−3) × (−10) எவ்வாறு +30 ஆகிறது? 10 வெள்ளிப் பற்று மூன்றைக் கடைக்காரர் அடித்துவிட்டால் நமக்கு 30 வெள்ளி ஆதாயம். இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்னும் இலக்கணச் செய்தியை இதற்கு விளக்கமாகக் காட்டுவோர் உளர். அஃது ஓரளவே பொருந்தும். ‘எனக்குத் தெரியாமல் இல்லை’ என்பவர் ‘தெரியும்’ என்று நேரே சொல்வதில்லை. ஒரு தயக்கத்தையோ குறிப்பையோ சேர்த்தே சொல்கிறார். எண்ணுக்கு அத்தகைய தயக்கம் இல்லை.

எஞ்சியது ‘எதிர்மறை எண்ணம்’ என்னும் வழக்கு. இது மதிப்பீடு. இதற்கு இணையாக ‘நேர்மறை’ என்ற சொல்லையும் படைத்துக்கொண்டோம். மறுத்தலைக் குறிக்கும் ‘மறை’யோடு ‘நேர்’ சேர்ந்தால் என்ன பொருள் என்று எவரும் கேட்கவில்லை. நம்பிக்கையின்மை, மனச்சோர்வு, குறைகாணும் போக்கு எனத் தெளிவான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை விடுத்து எதிர்மறை என்றால் தீயது எனக் குழந்தைக்குப் பழக்கினால், −5 அதற்குக் கெட்ட எண்ணாகத் தோன்றும். சோதனை முடிவைக் கேட்கும் பாட்டியோ நற்செய்தியைக் கேட்டு அஞ்சுவார்.

ஆகவே, இச்சொல் வருமிடத்தில் ஆசிரியர்கள் மாணவரைக் கேட்கச் சொல்ல வேண்டியவை மூன்று: இங்கு ஒன்று மறுக்கப்படுகிறதா? ஓர் அளவு மறுபக்கத்தில் நிற்கிறதா? அல்லது ஒருவர் ஒன்றைத் தீயதென மதிப்பிடுகிறாரா? முதலாவதற்கு எதிர்மறை என்னும் சொல்லே உரியது. இரண்டாவதைக் குறை எண் எனலாம். மூன்றாவதற்கு இடத்திற்கேற்ற தமிழ்ச்சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழ்ப்பள்ளியின் இறுதியாண்டிலேயே இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட்டால், பயிற்றுமொழி மாறும் ஆண்டில் நம் மாணவர் சொல்லோடு போராடாமல் கணிதத்தைக் கற்க இயலும்.