தெக்லா பொண்டாஷெவ்ஸ்கா

தெக்லா பொண்டாஷெவ்ஸ்கா-பரனோவ்ஸ்கா (இறப்பு: செப்டம்பர் 29, 1861, வார்சா) போலந்து நாட்டுப் பெண் இசையமைப்பாளர். ‘ஒரு கன்னியின் பிரார்த்தனை’ என்னும் சிறிய பியானோ இசைத்துண்டை இயற்றியவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் வீடுதோறும் ஒலித்த இசை அது. ஆனால் அதை இயற்றியவரின் பிறந்த ஆண்டில்கூட நூல்கள் ஒன்றுபடவில்லை.

வரவேற்பறை இசை

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களில் பியானோ பரவலாக இடம்பெற்றது. விருந்தினர் முன் வீட்டுப் பெண்கள் வாசிப்பதற்கென எளிய, உணர்ச்சி ததும்பும் இசைத்துண்டுகள் பெருமளவில் அச்சாயின. இவை வரவேற்பறை இசை எனப்படுகின்றன. ‘ஒரு கன்னியின் பிரார்த்தனை’ 1856இல் வார்சாவில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் பாரிசின் இசை இதழ் ஒன்று அதை இணைப்பாக வெளியிட்டது. அதன்பின் பிற நாட்டுப் பதிப்பாளர்களும் அச்சிட்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாகச் சொல்லப்படுவதுண்டு.

ஒரு மெட்டை முதலில் முழுமையாக வாசித்து, பின்னர் அதையே சிறு சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வாசிப்பது இதன் அமைப்பு. கேட்பதற்குக் கடினமானதாகத் தோன்றும். ஓரளவு பயின்றவரே வாசித்துவிடலாம். இதன் வெற்றிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெயர்ச் சிக்கல்

போலிய மொழியில் இவரது குடும்பப் பெயரின் இரண்டாம் எழுத்தின்கீழ் ஒரு சிறு வால் உண்டு. அதனால் அது ‘பொண்’ என ஒலிக்கிறது. பிற நாட்டு அச்சகங்கள் அந்த வாலை விட்டுவிட்டதால் பெயர் ‘படார்செவ்ஸ்கா’ என்று மாறியது. யான் பரனோவ்ஸ்கி என்பவரை மணந்ததால் ‘பரனோவ்ஸ்கா’ என்ற பெயரும் சேர்ந்தது. எனவே இவரைத் தேடுபவர் நூலகப் பட்டியல்களில் ஒரே ஆளைப் பல பெயர்களின்கீழ் பார்க்க நேர்கிறது.

பிறந்த ஆண்டு

பழைய நூல்கள் 1838 அல்லது 1834 என்கின்றன. பிற்கால ஆய்வில் 1829 என்ற ஆண்டும் முன்வைக்கப்பட்டது. பிறந்த ஊரும் மிலாவா என்றும் வார்சா என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது.

இது வெறும் எண் பற்றிய சர்ச்சை அன்று. 1838 எனில், இசை வெளிவந்தபோது இவருக்கு வயது 18, இறந்தபோது 23. 1829 எனில், முறையே 27, 32. முதல் கணக்கில் தெரிபவர் ஏதோ ஒரு துண்டை எழுதிவிட்டு மறைந்த இளம்பெண். இரண்டாவதில் தெரிபவர் முதிர்ந்த வயதில், அச்சுச் சந்தையை அறிந்து எழுதிய பெண். தலைப்பில் உள்ள கன்னியையே ஆசிரியராகக் கருதும் வழக்கத்துக்கு முதல் கணக்கு துணைபோயிற்று. உண்மையில் இவர் குழந்தைகளுக்குத் தாயானவர். வேறு பல பியானோ துண்டுகளையும் வெளியிட்டவர்.

சான்றுகளைத் தேடும் முறை

வரவேற்பறை இசைத்தாள்களில் பெரும்பாலும் ஆண்டு அச்சிடப்படுவதில்லை. பக்கத்தின் அடியில் உள்ள அச்சுத்தகட்டு எண்ணை, அதே பதிப்பாளரின் ஆண்டு தெரிந்த வெளியீடுகளின் எண்களோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிப்பர். அன்றைய நாளிதழ் விளம்பரங்கள், திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஆகியவை அடுத்த சான்றுகள். ஆனால் வார்சா ஆவணக் காப்பகங்களின் பெரும்பகுதி 1944இல் அழிந்தது.

கல்லறையும் ஒரு சான்றே. வார்சாவின் பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் இவரது நினைவுச்சின்னமாக, இசைச்சுருள் ஏந்திய இளம்பெண் சிலை நிற்கிறது. அச்சுருளில் அந்த இசையின் பிரெஞ்சுத் தலைப்பு பொறிக்கப்பட்டுள்ளது.

மதிப்பீடு

பெர்சி ஸ்கோல்ஸ், ஆர்தர் லோசர் போன்ற 20ஆம் நூற்றாண்டு இசை எழுத்தாளர்கள் இத்துண்டை எள்ளி நகையாடினர். செக்காவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் இது சலிப்பூட்டும் மாகாண வாழ்வின் ஒலியாக வருகிறது. இன்று தைவானில் குப்பை வண்டிகள் தம் வருகையை அறிவிக்க இதை ஒலிக்கின்றன. வெள்ளிக் கோளின் பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கும் அந்த எழுத்தின் வால் இல்லாத வடிவமே வழங்குகிறது.