கார் ஷெட்டில் பிறந்த சூப்பர் ஹிட் பாடல்கள்!

வீட்டு கார் ஷெட்டில் என்னவெல்லாம் இருக்கும்? கார், பழைய டயர், கால் உடைந்த நாற்காலி... ஆனால், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கார் ஷெட்டிலிருந்து உலகத்தையே ஆட வைத்த பாடல்கள் வந்தன!

கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டிக்கு இசைமீது தீராத ஆசை. கையில்தான் காசில்லை. குடும்பத்தினர் சேர்ந்து போட்டுவைத்திருந்த சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் கேட்டார். தோற்றால் மொத்தக் குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுத்துத்தான் வாங்கினார். அது 1959.

அதே ஆண்டில் ஒரு வீட்டை வாங்கினார். மாடியில் குடித்தனம், கீழே ஆபீஸ், பின்னாலிருந்த கார் ஷெட்தான் ‘ஸ்டூடியோ ஏ.’ எதிரொலி வேண்டுமே? விலை உயர்ந்த கருவியைத் தேடி ஓடவில்லை. மேற்கூரையில் துளை போட்டு, காலியாகக் கிடந்த பரணையே எதிரொலி அறையாக்கிவிட்டார்கள்!

மார்வின் கே, ஸ்டீவி வொண்டர், சுப்ரீம்ஸ் என ‘மோடவுன்’ நட்சத்திரங்கள் பாடியது இங்கேதான். 1972 வரை இரவு பகலாக இயங்கிய அந்த வீடு, இன்று மியூசியம். அந்தத் துளைக்குக் கீழே நின்று கைதட்டிப் பார்க்கவே மக்கள் வருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை தட்டிப் பாருங்களேன்!