பேணுவாரற்ற மென்பொருளைப் பொறுப்பேற்றல்

சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர், தாம் நாடோறும் கையாளும் மென்பொருளொன்றைப் பேணுவார் எவருமிலர் என்றும், அதனைத் தாமே பொறுப்பேற்பது தகுமோ என்றும் வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இஃது என முதலில் நகைத்தோம். அவர் விளக்கக் கேட்டபின், ஏட்டுச்சுவடி காத்த நம் முன்னோர் எதிர்ப்பட்ட இடர்களே இங்கும் உள்ளன எனக் கண்டோம். யாம் அளித்த விடை ஏனையோர்க்கும் பயன்படுமென எண்ணி இம்மலரில் எழுதுகின்றோம்.

மென்பொருளாவது கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளித்து வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள் எனப்படும். லினக்ஸ் இவ்வகையினது. பெரிய மென்பொருள் ஒவ்வொன்றும் பற்பல சிறு பொதிகளின்மீது நிற்கின்றது. அச்சிறு பொதிகளுட் பலவற்றை ஒருவரே, ஊதியமின்றி, ஓய்வு வேளையிற் பேணி வருகின்றார். அவர் சோர்வுற்றால் பிழைகள் திருத்தப்படாது கிடக்கும். தீயோர் நுழையும் துளைகளும் அடைபடா.

அந்நிலையிற் பொறுப்பேற்க ஒருவர் முன்வருதல் நன்றே. ஆயினும் வருபவர் யாவர் என்பதை ஆராய வேண்டும். 2018 ஆம் ஆண்டில் ஈவென்ற்-ஸ்ற்ரீம் என்னும் பொதியை, அதில் ஈடுபாடு ஒழிந்திருந்த ஆக்கியோர், கேட்டுவந்த அந்நியர் ஒருவரிடம் ஒப்படைத்தார். சிறிது காலத்துள், பிற்கொயின் பணப்பைகளைக் களவாடும் கட்டளைகள் அதனுட் புகுத்தப்பட்டன.

இதனினும் பெரியது எக்ஸ்-இசெட் யூற்றில்ஸ் என்னும் பொதிக்கு நேர்ந்தது. கோப்புக்களைச் சுருக்கும் இப்பொதியைப் பின்லாந்து நாட்டினரான லாசே கொலின் நெடுங்காலம் பேணி வந்தார். 2022 இல் சிலர் திருத்தங்கள் தாமதமாகின்றன எனக் கூறி அவரை நெருக்கினர். தாம் தளர்ந்திருப்பதையும், இஃது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் எடுத்துரைத்தார். அதற்கு முன்னரே 'ஜியா டான்' என்னும் பெயரால் ஒருவர் சிறு திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்று வந்தார். நாளடைவிற் புதிய பதிப்புக்களை வெளியிடும் உரிமையும் அவரிடஞ் சென்றது. 2024 பெப்ரவரியில் வெளிவந்த 5.6.0 ஆம் பதிப்பில், பிறர் கணினியுள் நுழைதற்கான கள்ளவழி ஒன்று சோதனைக் கோப்புக்களுள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்திரெஸ் புரொயிண்ட் என்னும் பொறியியலாளர், கணினியுட் புகுதற்கு அரை விநாடி மிகுதியாகச் செல்வதை ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29 ஆந் திகதி அதனை உலகுக்கு அறிவித்தார். கொலின் மீண்டு வந்து, மே மாதத்தில் 5.6.2 ஆம் பதிப்பைத் தூய்மைசெய்து வெளியிட்டார்.

இதனைக் கேட்டபொழுது எமக்கு நினைவில் எழுந்த சொல் இடைச்செருகல் என்பதே. ஏட்டைப் புதிதாகப் படியெடுப்பவன் தன் அடிகளையும் நுழைத்துவிட்டால், பின்வருவோர் அவற்றையும் மூலமென்றே கொள்வர்.

ஆதலின் பொறுப்பேற்க விழைவோர் கைக்கொள்ளத்தக்க முறையைக் கூறுவாம். முதலாவதாக, பழைய பராமரிப்பாளருக்குப் பணிவுடன் எழுதி, விடைக்குப் பொறுத்திருத்தல் வேண்டும். நச்சரித்தல் தகாது. இரண்டாவதாக, உரிமை கேட்குமுன் தேங்கிக் கிடக்கும் பிழைகளுட் சிலவற்றைத் திருத்தி அனுப்புக. மூன்றாவதாக, விடையே வராதாயின், உரிமப் பத்திரம் இசையுமளவிற் படியொன்றெடுத்து வேறு பெயரில் வளர்க்கலாம். மூல ஆசிரியரின் பெயரையும் உரிமைக் குறிப்பையும் நீக்கலாகாது. நான்காவதாக, எதனையும் மாற்றுமுன் அது முன்பு செய்தவற்றை மாறாது செய்கின்றதா எனக் காட்டும் சோதனைகளை எழுதுக. ஐந்தாவதாக, செய்யும் மாற்றம் யாவும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். வெளியிடும் பொதி மூலத்தோடு ஒத்திருத்தலும், வேறொருவர் கண் அதிற் படுதலும் இன்றியமையாதன. இறுதியாக, தமக்குப்பின் பேணுவாரையும் தாமே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

கைமாற்றத்தை மறைவின்றிச் செய்தற்கு டெபியன் குழுவினர் நல்ல வழி வகுத்துள்ளனர். ஒருவர் தாம் பேணிய பொதியைக் கைவிடும்பொழுது அஃது 'அநாதை' எனப் பலரறிய அறிவிக்கப்படுகின்றது. எடுத்து வளர்ப்பவரும் பலரறியவே ஏற்கின்றார். அதுவரை பொதுக்குழுவொன்று அதனைக் கவனிக்கின்றது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது, அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே அச்சேற்றினார்கள். பிறர் ஆக்கிய பொருளைத் தம் கையிற் பெறுவோர்க்கு அந்நிதானம் வேண்டும்.

எம் மாணவர் இதுவரை மூன்று பிழைகளைத் திருத்தி அனுப்பியுள்ளார். உரிமை எதனையும் அவர் இன்னும் கேட்கவில்லை. பழைய பராமரிப்பாளர் இரண்டு வரியில் நன்றி எழுதியிருந்தார் என எமக்கு அறிவித்தார். அது நல்ல தொடக்கமென்றே கருதுகின்றோம்.