நெல்வயலின் இரு பச்சைத் தத்துப்பூச்சிகள்

நெல் நாற்றங்காலில் கால் பட்டதும் இலைகளிலிருந்து துள்ளிப் பறக்கும், 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சிகளை உழவர்கள் பச்சைத் தத்துப்பூச்சி என்ற ஒரே பெயரால் குறித்தாலும், தமிழக வயல்களில் அப்பெயருக்குள் நெபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ், நெபோடெட்டிக்ஸ் நிக்ரோபிக்டஸ் என இரண்டு இனங்கள் அடங்கியுள்ளன.

தத்துப்பூச்சிக் குடும்பத்தை அறிவது எளிது. பின்னங்காலின் கணைப்பகுதி நெடுகிலும் சீப்புப் பற்களைப் போல முட்கள் வரிசையாக நிற்கும். நெல்லின் மற்றொரு சாறுறிஞ்சிப் பூச்சியான புகையானுக்கோ அக்கணையின் நுனியில் அசையும் தார்முள் ஒன்று இருக்கும். இனத்தைப் பிரிப்பதற்குத்தான் கைலென்சும் பொறுமையும் வேண்டும். நிக்ரோபிக்டஸின் தலை உச்சியில், முன்விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஒன்று ஓட, விரெசென்ஸின் உச்சி பட்டையின்றி வெளிர்பச்சையாக இருக்கும். இரண்டிலும் ஆணின் முன்னிறகு நுனி கறுத்திருக்கும். இறகின் நடுவிலுள்ள கரும்புள்ளியோ சில ஆண்களில் காணப்படுவதே இல்லை என்பதால் அதை மட்டும் நம்புவது சரியன்று. ஐயம் எழும்போது ஆண்பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசைகளைக் கரைத்து, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்தே வகைப்பாட்டாளர்கள் முடிவு செய்கின்றனர்.

உணவுச் செடியைத் தீர்மானிப்பதிலும் இதே கண்டிப்பு தேவை. ஒரு செடியில் பூச்சி உட்கார்ந்திருப்பது சான்றாகாது. அங்கே முட்டையிட்டு, பொரிந்த குஞ்சுகள் ஐந்து பருவங்களைக் கடந்து இறகு பெற்றால்தான் அதை உண்மையான உணவுச் செடி எனலாம். இந்த அளவுகோலின்படி விரெசென்ஸ் பெரிதும் நெல்லையே சார்ந்தது. நிக்ரோபிக்டஸோ வாய்க்கால் ஓரத்தில் வளரும் லீர்சியா போன்ற நீர்ப்புற்களிலும் செழித்துப் பெருகக்கூடியது.

இந்த வேறுபாட்டுக்கு முதன்மை தருவது துங்ரோ நோய்தான். கோல்வடிவ நச்சுயிரியும் கோளவடிவ நச்சுயிரியும் சேர்ந்து உண்டாக்கும் இந்நோயில், கோளவடிவத்தின் துணையின்றிக் கோல்வடிவத்தைப் பூச்சி பரப்ப இயலாது. இரண்டு இனங்களும் நோயைச் சுமந்தாலும் விரெசென்ஸே திறன்மிக்க கடத்தி. அதன் குஞ்சு தோலுரித்தவுடன் பரப்பும் ஆற்றலை இழந்து, நோயுற்ற பயிரில் மீண்டும் சாறு உறிஞ்சிய பின்னரே அதைத் திரும்பப் பெறுகிறது. இப்பூச்சிக்கும் நோய்க்கும் ஒருசேர இடமளிப்பது நெல்லே ஆதலால், வரப்புப் புல்லைச் செதுக்குவதோடு நின்றுவிடாமல், அறுவடைக்குப் பின் தாள்களை மடக்கி உழுது, மறுதாம்பு தழைக்காமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாததாகிறது.