பட்டறைக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குக் காப்புரிமை உண்டா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயருக்கான காப்பு. காந்திகிராமத்துப் பட்டறைக்காரர் ஒருவர் பூட்டின் உள்ளே புதிய அமைப்பைச் சேர்த்துக் காப்புரிமை கேட்டால், விஷயம் வேறு. அமைப்பு புதியது என்பது மட்டும் போதாது. தொழில் தெரிந்த எவருக்கும் அது எளிதில் தோன்றியிருக்கக் கூடாது.

இந்த அளவுகோலை நம் நாட்டில் தெளிவாக்கியது ஒரு பாத்திர வழக்கு. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரங்களை லேத்தில் கடைந்து மெருகேற்றுவார்கள். தட்டையான பாத்திரத்தை, லேத்தின் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில், சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவார்கள். அல்லது அதில் பொருத்திய சக் என்னும் பிடிப்பானின் தாடைகளில் இறுக்குவார்கள். எதிர்ப்பக்கம் பிடிமானம் இல்லாததால், சுழலும்போது பாத்திரம் கழன்றுவிடும். ஆளுக்கு ஆபத்து, சரக்கும் வீண். ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அழுத்தத் தண்டு வந்து பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும்படி செய்து, 1953-இல் காப்புரிமை பெற்றது.

போட்டி நிறுவனமான பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாமும் அதே முறையைக் கையாள, வழக்கு வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார்; மேல்முறையீட்டில் அது மீண்டது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும் டெயில்ஸ்டாக் லேத்துக்குப் பழையது; அதைப் பாத்திரத்துக்குப் பொருத்தியது பட்டறை மேம்பாடு மட்டுமே, கண்டுபிடிப்பல்ல என்றது.

இது சரியான தீர்ப்பு என்பேன். இல்லையென்றால், தெரிந்த வேலையையே மற்ற பட்டறைகள் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல், கார் மிதியோடு மின்னணு உணரியைச் சேர்த்த காப்புரிமையை இதே போன்ற காரணத்தால் நிராகரித்தது. ஆனால் செய்து முடித்ததைப் பார்த்த பிறகு எல்லாமே எளிதாகத் தெரியும். அதனால் விண்ணப்பித்த நாளில் தொழில் அறிந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையே நீதிமன்றம் பார்க்க வேண்டும். பழைய பாகங்கள் சேர்ந்து, தனித்தனியே தராத விளைவைத் தந்தால் காப்புரிமை கேட்பவரின் வழக்கு வலுப்பெறும்.

திண்டுக்கல் பகுதிக்கு விண்ணப்பம் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். மறுத்தால் மூன்று மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பட்டறை நண்பர்களே, பழைய காப்புரிமைகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். முதலில் அவற்றைப் பாருங்கள். பொருளைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.