கப்பலேறும் போத்தல்

பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி, மண்கும்பானுக்குள் நுழைகின்றவர் கண்ணில் முதலிற் படுவன வெண்மணலும் பனைகளுமே. இவ்வூரவர்க்குக் கடல் புதிதன்று. பொழுது புலர்ந்தால் கடல். மேற்கே சென்றால் குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. ஆயினும் அண்மைக் காலமாக இத்தீவக வீடுகளிலே வேறொரு வகைக் கடற்பிரயாணத்தைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறிய பிள்ளைகள், தாய் தந்தையரை அழைப்பித்து, உல்லாசக் கப்பலில் ஏற்றி, ஒரு வாரம் கடலைச் சுற்றிக் காட்ட விரும்புகின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் நமது காங்கேசன்துறைக்கே வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட அக்கப்பல் 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயருடன் அமெரிக்கக் கடல்களில் ஓடத் தொடங்கியது. பின்னர் கைமாறி, 2021 முதல் கோர்டிலியா கம்பெனியாரின் கப்பலாக இந்தியக் கரையோரம் உலவியது.

இத்தகைய பிரயாணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது, ஆண்மக்கள் கூடியிருக்கும் விறாந்தையில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. “மச்சான், கப்பலிலை ரெண்டு கிளாசுக்குக் குடுக்கிற காசுக்குக் கரையிலை ஒரு போத்தில் வாங்கலாம். பெட்டிக்குள்ளை வைச்சுக்கொண்டு போனால் ஆர் காணப்போறான்?”

குடிப்பவரைத் திருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குக் கோயிற் பிரசங்கிகளும் வீட்டுக்காரிகளும் இருக்கின்றனர். இந்தப் பெட்டிக்குள் வைக்கும் யோசனையையே நாம் சற்று ஆராய வேண்டும். ஏனெனில் அப்பெட்டி ஒருவருடைய பெட்டியன்று, ஒரு குடும்பத்தின் பெட்டி.

முதலில் நம்மூர்ச் சரக்கைப் பார்ப்போம். பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டினால் இறங்குவது கருப்பநீர். சுண்ணாம்பில்லாத முட்டியில் இறங்குவது கள். மரம் ஒன்றே, சாறும் ஒன்றே. காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மரத்தை விட்டு இறக்கிய பின்னரும் அவை ஓய்வதில்லை. கள்ளைப் போத்தலில் இட்டு இறுக மூடினால், வெயிலேற ஏற மூடி தெறிக்கும். மூடி தெறிக்காவிட்டால் போத்தல் வெடிக்கும். தப்பிய கள்ளும் அடுத்த நாள் புளித்துப் போகும். தவறணையிலே பிளாவில் ஊற்றி அன்றன்றே குடிக்கும் பொருளாகக் கள் நின்றமைக்கு இதுவே காரணம். கப்பலேறக் கூடியது வடித்தெடுத்த சாராயமும் சீமைச் சரக்குமே. கள்ளிலே நூற்றுக்கு நான்கைந்து பங்கு மதுசாரம் என்றால், விஸ்கியிலே நாற்பது பங்கு. ஒளித்துக் கொண்டுபோகின்றவர்கள் எதனை ஒளிப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனிக் கப்பற் கம்பெனியாரின் விதிகள். பெரிய கம்பெனிகள் பலவற்றின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே. றோயல் கரிபியன், கார்னிவல் ஆகிய கப்பல்களில், குடிக்கும் வயது வந்த பிரயாணி ஒருவர், புறப்படும் நாளன்று, முத்திரை உடையாத 750 மில்லிலீற்றர் வைன் அல்லது சம்பேன் போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டு ஏறலாம். டிஸ்னி கப்பல்களில் வைன் இரண்டு போத்தல் அல்லது பியர் ஆறு. விஸ்கி, றம், வொட்கா, சாராயம் முதலிய வடிசாரங்களைக் கொண்டுவந்து கப்பலிற் குடிக்க இவை எவையும் அனுமதிப்பதில்லை. வழியிலே ஒரு துறைமுகத்தில் வாங்கினாலும், கப்பலிலுள்ள தீர்வையற்ற கடையிலேயே வாங்கினாலும், அதனைக் கப்பற்காரரே பொறுப்பேற்றுப் பூட்டி வைத்து, பிரயாணம் முடியும் வேளையில் ஒப்படைப்பர். கொண்டுவந்த வைனை உணவு மண்டபத்தில் திறப்பதற்குத் தனிக் கட்டணமும் பெரும்பாலும் உண்டு.

இது வெறும் வியாபாரப் பேராசை என்று நம்மவர் சிலர் கூறுவர். வியாபாரம் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். உல்லாசக் கப்பலின் பிரயாணச் சீட்டு மலிவாகத் தோன்றுவதன் இரகசியமே அதிலிருக்கிறது; சீட்டிலே விட்டதை மதுச்சாலையிலும் சூதாட்ட மண்டபத்திலும் கடைகளிலும் பிடிப்பார்கள். ஆனால் விஷயம் அவ்வளவோடு முடிவதன்று. கப்பல் என்பது நடுக்கடலில் மிதக்கும் ஓர் ஊர். அவ்வூரிலே பொலிஸ் நிலையமில்லை, பெரியாஸ்பத்திரியில்லை, மதிலுக்கு அப்பால் தெருவில்லை, தண்ணீரே உண்டு. மேற்றட்டின் கம்பியில் ஏறி விழுந்தவனை இருளில் தேடிக் கண்டுபிடித்தல் எத்துணை அரிது என்பதைத் தீவகத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மதுச்சாலையிலே பரிமாறுகின்றவன், தள்ளாடுகிறவனைக் கண்டால் “போதும் ஐயா” என்று நிறுத்தலாம். அறைக்குள்ளே கதவைத் தாழிட்டுக் குடிப்பவனை நிறுத்துவார் எவர்?

2012 ஜனவரி 13ஆம் தேதி இரவு ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ என்னும் பெருங்கப்பல் இத்தாலியக் கரையோரப் பாறையில் மோதிச் சரிந்தது. முப்பத்திரண்டு பேர் மாண்டனர். கப்பலில் புதிதாக ஏறியவர்களுக்கு அபாயகாலப் பயிற்சி அதுவரை நடைபெற்றிருக்கவில்லை. அதன் பின்னர், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பிரயாணிகள் அனைவரையும் கூட்டிப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. சங்கொலி கேட்டதும் குழந்தைக்கு மிதவை அங்கியை மாட்டி, கிழவியைக் கைப்பிடித்துப் படியேற்ற வேண்டியவன் குடும்பத் தலைவனே. அவன் நிதானம் தவறிக் கிடந்தால் அவர்கள் கதி என்ன?

கப்பலும் குடியும் பற்றிய சச்சரவு நேற்றுத் தோன்றியதன்று. பிரித்தானியக் கடற்படையினர்க்கு நாள்தோறும் றம் அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. தலையாரியே கள்ளூற்றிக் கொடுத்த கதைதான்! 1740இல் வேர்ணன் என்னும் தளபதி, மாலுமிகள் வெறும் றமைக் குடித்து நிலைதடுமாறுவதைக் கண்டு, அதிலே நான்கு பங்கு நீர் கலந்து, இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். பிற்காலக் கப்பல்களின் நுட்பமான இயந்திரங்களுக்கு நடுவே அந்த அளவுகூட ஆகாதென்று, 1970 ஜூலை 31ஆம் தேதியோடு அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அமெரிக்கக் கடற்படையோ 1914ஆம் ஆண்டே தன் கப்பல்களில் மதுவை விலக்கிவிட்டது.

அமெரிக்காவிலே மதுவிலக்கு நடந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில் வேடிக்கை வேறு விதமாயிற்று. அந்நியக் கப்பல்கள் முத்திரையிட்டுப் பூட்டிய மதுவைக்கூட அமெரிக்கக் கடலெல்லைக்குள் கொண்டுவரலாகாது என்று 1923இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கியூனார்ட் முதலிய கம்பெனிகள் தொடுத்த வழக்கு அது. மறு ஆண்டே பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்து, பூட்டி முத்திரையிட்டிருந்தால் வரலாம் என்று இணங்கின. கரையில் ஒரு மிடறும் பெறமுடியாத நியூயோர்க் தனவந்தர்களோ, எல்லைக்கு வெளியே போய்க் குடித்துவிட்டுத் திரும்புவதற்கென்றே கப்பலேறலாயினர். எந்த ஊருக்குப் போகிறோம் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று!

இவையெல்லாம் இருக்க, எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருவது வேறொன்று. விதியை ஏய்ப்பதற்குச் சிலர் கையாளும் உபாயத்தைச் சொல்கிறேன். வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலை வெறுமையாக்கிக் கழுவி, அதிலே வொட்காவை ஊற்றி, மருந்தின் நிறம் வரும்வரை பச்சைச் சாயம் சில துளி விட்டு, மூடியை முறுக்கிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். தலைக்கு வைக்கும் சம்பூப் போத்தலும், குழந்தையின் பழரசப் பெட்டியும் இதற்குப் பயன்படுகின்றன. அகப்படாவிட்டால் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவர்.

கப்பலறை எவ்வளவு பெரியது? நம் வீட்டுச் சாமியறையிலும் சற்றுப் பெரிதாயிருக்கலாம். அதற்குள் தகப்பன், தாய், இரு பிள்ளைகள். சில வேளை அப்பாச்சியும். குளியலறைத் தட்டிலே அந்தப் பச்சைப் போத்தல் நிற்கிறது. இரவிலே மூக்குக்கண்ணாடியில்லாமல் எழுந்து வரும் அப்பாச்சி, வழக்கம்போல் வாய் கொப்பளிக்க அதை எடுக்கிறாள். அல்லது ஆறு வயதுப் பேரன் பழரசம் என்று வாயில் வைக்கிறான். சிறு பிள்ளையின் உடலில் வடிசாரம் சிறிதளவு சென்றாலும், இரத்தத்திற் சர்க்கரை சடுதியாகக் குறைந்து, மயக்கமும் வலிப்பும் உண்டாகலாம். வைத்தியர் “பிள்ளை என்ன குடித்தது?” என்று கேட்டால், தகப்பன் நீட்டும் போத்தலில் ஒட்டியிருக்கும் பெயரோ வேறு!

இதைக் கற்பனைப் பூச்சாண்டி என்று தள்ளிவிட யாழ்ப்பாணத்துத் தாய்மாரால் இயலாது. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கிவந்து குசினி மூலையில் வைத்த பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. தாகத்தில் ஓடிவந்த பிள்ளை சோடாவென்றெண்ணிக் குடித்து, எண்ணெய் நுரையீரலிற் புகுந்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டோடிய துயரங்கள் பல குடும்பங்கள் அறிந்தவை. அங்கே குற்றம் எண்ணெயினுடையதன்று. பொய் சொன்ன போத்தலினுடையது. வறுமையால் அன்று சோடாப் போத்தலில் வாங்கினோம். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்துக் கப்பலேறுகின்றவன், சில டொலரை மிச்சம் பிடிக்க அதே காரியத்தைச் செய்வதை நான் எவ்வாறு மெச்சுவேன்?

பிள்ளைகளின் கண் முன்னே இது நடப்பதையும் பெற்றோர் எண்ணவேண்டும். பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்தினூடு போகும்போது தகப்பனின் முகம் வெளிறுவதை மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அகப்பட்டால் போத்தலைப் பறித்து ஊற்றிவிடுவர். கடுமையாக மீறினால் இடைவழியிலே இறக்கிவிடவும் கம்பெனிக்கு உரிமையுண்டு. நயினை அம்மனைத் தரிசிக்கப் போகும் படகிலே எவராவது போத்தலோடு ஏறினால், படகோட்டி வாய் திறக்குமுன் பக்கத்து ஆச்சியே “தம்பி, இறங்கு மோனை” என்று இறக்கிவிடுவாள். அந்த ஆச்சியின் பேரன்தான் ரொறன்ரோவிலே பச்சைச் சாயம் தேடுகிறான்!

குடிக்க விரும்புகின்றவர்க்கு நேர்வழி இல்லாமலில்லை. கம்பெனியின் விதிகள் அடிக்கடி மாறுவதால், சீட்டு வாங்குமுன்னரே அவற்றை வாசித்துக்கொள்ளல் வேண்டும். அனுமதித்த வைன் போத்தலைக் கப்பற்காரரிடம் ஒப்படைக்கும் பெட்டியில் வையாது கைப்பையிலே காட்டிக் கொண்டுபோகலாம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி, வேண்டிய பானங்களைப் பெறும் திட்டங்களும் உண்டு. இவற்றிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒரே அறையில் ஒருவர் இத்திட்டத்தை வாங்கினால், அவ்வறையிலுள்ள வயது வந்தோர் அனைவரும் வாங்கியாக வேண்டும் என்பது கார்னிவல், றோயல் கரிபியன் போன்றவற்றின் பொது விதி. விரதம் பிடிக்கும் அப்பாச்சியின் பெயரிலும் மதுபானச் சீட்டு எழுதப்படும் விநோதம் இவ்விதமே நிகழ்கிறது. அப்பாச்சிக்கு வேறு அறை எடுப்பதா, திட்டத்தைக் கைவிட்டு வேண்டியபோது ஒரு கிளாஸ் வாங்குவதா என்று கணக்குப் பார்த்தல் நன்று. சாதாரணத் தேநீரும் தண்ணீரும் பெரும்பாலான கப்பல்களில் உணவுச்சாலையில் விலையின்றியே கிடைக்கும். துறைமுகத்தில் வாங்கிய விஸ்கியை ஒப்படைக்கும்போது தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி நாளில் அதைக் காட்டினாற்றான் போத்தல் கைக்கு வரும்.